மூன்று தரமும் இல்லை

மூன்றாவது கடதாசியிலும் "இல்லை" என்றே எழுதியிருந்தது. சளிப் பரிசோதனை (சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் கசநோய்க் கிருமியைத் தேடுவது) மூன்று தரம் செய்தாயிற்று. ஆஸ்பத்திரி விறாந்தையிலேயே எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

அதுவரை, என் இருமல் வீட்டாருக்குத் தொற்றிவிடுமென்று புத்தூர் வீட்டில் தனியறையில் படுத்திருந்தேன். இரண்டு வயது மகள் பவளம் கதவைத் தட்டித் தட்டி அழுவாள். கடதாசியைப் பார்த்ததும் என் மனைவி நாகம்மா கதவைத் திறந்துவிட்டாள்.

"இனியென்ன பயம்? பிள்ளை உங்களோடை படுக்கட்டும்."

அன்றிலிருந்து பிள்ளை என் நெஞ்சில்தான் தூங்கினாள்.

இருமல் நிற்கவில்லை. பின்னேரக் காய்ச்சலும் விடவில்லை. நான் பள்ளிக்கூட வாத்தியார், எழுத்தில் இருப்பதை நம்பிப் பழகியவன். ஒரு மாதம் நம்பினேன். பிறகு இருமலோடு இரத்தம் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய், மூன்று தரமும் இல்லையென்றீர்களே என்று கேட்டேன். டாக்குத்தர் கோபிக்கவில்லை. யோசித்துவிட்டுக் கேட்டார்.

"மாஸ்ரர், சளி தாற அண்டைக்குக் காலமை எழும்பி என்ன செய்வீங்கள்?"

"கிணத்தடியிலை பல்லு விளக்கி, தொண்டையைக் காறித் துப்பி, தலைக்குத் தோய்ஞ்சு, திருநீறு பூசிக்கொண்டுதான் வெளிக்கிடுவன். ஊத்தை வாயோடை உங்களிட்டை வரலாமே?"

"அப்ப சளி முழுக்கக் கிணத்தடியிலை போச்சுது. எனக்குத் தந்தது வெறும் துப்பல்."

எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. வாய் கழுவாமல் ஒருவரிடம் எதையும் கொடுக்கலாம் என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை. அந்தச் சுத்தத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மறுநாள் வாய் கொப்பளிக்காமல், நெஞ்சிலிருந்து இருமித் துப்பிக் கொடுத்தேன். கிருமி இருந்தது.

பவளத்தின் கையில் தோலூசி (கிருமிச் சத்தைத் தோலுக்குள் ஏற்றி வீக்கம் பார்க்கும் சோதனை) போட்டார்கள். மூன்றாம் நாள் அந்த இடம் தடித்துச் சிவந்திருந்தது.

"பிள்ளைக்கும் இந்தக் கசநோய் வருத்தம் வந்திட்டுதோ ஐயா?" என்று நாகம்மா கேட்டாள்.

"கிருமி உள்ளை போயிருக்கு. அது வருத்தமா மாறுமோ எண்டு இந்தச் சோதனை சொல்லாது. பாத்துக்கொண்டிருக்க வேணும்."

கசநோய்க்காரருக்கான சனட்டோரியத்தில் பதினான்கு மாதம் கட்டிலோடு கிடந்தேன். இந்த நோய்க்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை, அசையாமல் கிடப்பதுதான் மருந்து. நாகம்மா வேலிக்கு அப்பால் நின்று பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள். பிள்ளை சிரிப்பாள். நான் அவளுடைய நெஞ்சு ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதே வருத்தத்தோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். "இல்லை" என்ற கடதாசியைக் கொண்டாடுமுன், சோதிக்க எதைக் கொடுத்தோம் என்று கேளுங்கள்.

நான் தேறிவிட்டேன். இப்போதும் விடிந்ததும் முதலில் சளியைத் துப்பி, இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிறேன், பிறகுதான் பல் விளக்குகிறேன். பவளம் முற்றத்தில் விளையாடுகிறாள். அவள் ஒரு தரம் இருமினால் செய்கிற வேலையை விட்டுவிட்டு இரண்டாவது இருமலுக்காகக் காத்து நிற்கிறேன். அது வராவிட்டாலும் நிற்கிறேன்.