இடது பட்டனில் ஒட்டிய டேப்

டம்ளரில் இருக்கிற டீயில் வட்டம் வட்டமாக அலை எழும்பும்.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியை நினைத்தாலே முதலில் அதுதான் ஞாபகம் வருகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷின் தட்... தட்... என்று இறங்கும். இந்தப் பக்கம் என் மேசை, டம்ளர், பல் எல்லாம் சேர்ந்து அதிரும்.

ஆபீஸில் நான் கிளார்க். நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற ஷிப்ட் லிஸ்ட் முதல் லெட்டர் வரைக்கும் எல்லாம் என் கையெழுத்துதான்.

செல்வி அக்கா பிரஸ் மெஷினில். இரண்டு பேரும் மீஞ்சூரில் ஒரே ட்ரெயின் ஏறுவோம். அவர் முதலில் ஏறி ஜன்னலோரத்தில் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார். சும்மா இல்லை... பதிலுக்கு நான் கதை கட்டிச் சொல்ல வேண்டும்.

"நேத்து உட்ட எடத்துலேர்ந்து சொல்லு கீதா. அந்தப் பொண்ணு ஊட்ட உட்டு வந்துச்சா இல்லியா?"

இறங்குவதற்குள் ஒரு அத்தியாயம் முடிந்துவிடும். எனக்கு முதல் வாசகி அவர்தான்.

இதற்கு மேல் எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும். வரட்டும்.

அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்று எந்தப் புண்ணியவானோ யோசித்துச் செய்தது. ஆனால் ஆர்டர் அவசரம் என்றால் எங்கள் சூப்பர்வைசர் இடது பட்டனை அழுத்திப் பிடித்து, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுவார். அப்புறம் வலது கை பட்டனில், இடது கை தகடு வைக்க. பீஸ் மளமளவென்று விழும். வெளியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிற நாளில் மட்டும் டேப் மாயமாகிவிடும். கம்பெனியில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

ஒருநாள் காலை டீ வந்து பத்து நிமிஷம் இருக்கும்... அலை நின்றது. பிறகுதான் அலறல் கேட்டது.

செல்வி அக்காவுக்கு இடது கையில் மூன்று விரல் போய்விட்டது.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். "ரிப்போர்ட் நீயே எழுதிடும்மா. உனக்குத்தான் நல்லா எழுத வரும். கவனக்குறைவுன்னு முடிச்சிடு. ஆனா ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா வெரல் எப்படி உள்ள போச்சுன்னு கேப்பாங்களே... அதுக்கு என்ன பண்றது?"

அந்த ஆளை இன்றைக்கும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தவள் நான். சீக்கிரம் பீஸை முடிக்கிற ஆசையில் செல்வியே டேப்பை ஒட்டிக்கொண்டார் என்று எழுதினேன். யாரும் சொல்லித்தரவில்லை. பேனாவை எடுத்ததும் தானாக வந்தது.

"பிரமாதம்! கதை மாதிரியே இருக்கு" என்றார் மேனேஜர். வெட்கமில்லாமல் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு.

கை ஆறி வேலைக்கு வந்தவரை கேட்டிலேயே நிறுத்தினார்கள். மெஷினில் கை வைத்த ஆளைத் திரும்ப எடுக்க முடியாதாம். அந்த ரிப்போர்ட்டைக் காட்டினார்கள். தினமும் ஷிப்ட் லிஸ்ட் பார்க்கிறவருக்கு என் கையெழுத்து தெரியாதா?

அதற்குப் பிறகு நானும் அங்கே ரொம்ப நாள் இல்லை. ஸ்கூல் ஆபீஸ், இன்சூரன்ஸ் என்று எங்கெங்கோ சுற்றி, நாற்பது தாண்டி நாவலாசிரியை ஆனேன். நாவலில் அந்த டேப்பையும் எழுதினேன். சூப்பர்வைசர்தான் ஒட்டினார் என்று, பெயரை மட்டும் மாற்றி, முந்நூறு பக்கம். புத்தக வெளியீட்டுக் கூட்டத்தில் கை தட்டினார்கள். "என்ன ஒரு கற்பனை மேடம்! முதல்ல எப்போ எழுத ஆரம்பிச்சீங்க?" என்று மைக்கை நீட்டுகிறார்கள். ஸ்கூல் படிக்கும்போதே என்று கூசாமல் சொல்கிறேன்; அந்த ரிப்போர்ட்டைச் சொல்வதில்லை.

போன வாரம் ஒரு போன். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் செல்வி அக்கா.

"கீதா, புக்க என் பொண்ணு படிச்சிக் காட்டுச்சி. நல்லாத்தான் கீது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அம்மாம் பெரிய புக்குல எழுதிக்கிறியே... அன்னிக்கி உன்ன ஒரே ஒரு பக்கந்தான எழுதச் சொன்னாங்கோ? அதுல எழுதறதுக்கு இன்னா?"

போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வாசகி. உண்மையும் தெரியும், எழுதவும் தெரியும்... எழுதவில்லை. இன்றைக்குப் படிக்க எத்தனையோ பேர். எல்லோரும் அதைக் கற்பனை என்கிறார்கள்.

அதனால் இது கதை இல்லை. அந்த ஒரு பக்கம்:

இடது பட்டனில் டேப் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் சூப்பர்வைசர். செல்வி மேல் எந்தத் தப்பும் இல்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும்.

இப்படிக்கு,
கீதா, கிளார்க்.