துறைமுகத்துத் தகரம்

தேயிலைத் தோட்டத்துத் தொரை பங்களாவில் பத்து வருஷம் பித்தளை துடைத்தவள் நான். எங்கள் தொரைக்குத் துறைமுகத்துப் பழஞ்சாமான் மேல் ஒரு பைத்தியம். கொழும்புத் துறைமுகத்தில் கழித்துப் போட்ட கப்பல் விளக்கு, மணி, திசைகாட்டி எல்லாம் ஹாலில் வரிசையாக இருந்தன. புல்தரையில் ஒரு நங்கூரம். கடலே தெரியாத மலையில் நங்கூரத்துக்கு என்ன வேலை என்று கேட்க எங்களுக்கு வாய் ஏது? ஃபேக்டரியில் ஓய்ந்துபோன நீராவி எஞ்சினுக்குக்கூடப் பச்சைப் பெயிண்ட் அடித்து, மேலே கொட்டகை போட்டு, வாசலில் நிறுத்தியிருந்தார். தொழிலாளிகள் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

விருந்தாளிகள் வந்தால் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டுவார்; எந்தக் கப்பலில் வந்தது, எத்தனை காலம் உழைத்தது என்று கதை சொல்வார். அவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார்கள். தேத்தண்ணித் தட்டோடு நின்ற எனக்கும் அது மனசில் பதிந்துவிட்டது. பழசுக்கு மதிப்பு உண்டு என்று நம்பிவிட்டேன். என் முட்டாள்தனம்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்துத் தமிழர் எங்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். பிறகு, பிரஜாவுரிமை வேண்டுமானால் மனுப் போடு, இங்கேயே நிரந்தரமாக இருக்கப் போகிறாய் என்று நிரூபி என்றார்கள். என் வீட்டுக்காரர் இதே லயத்தில் பிறந்தவர். அவர் போட்ட மனுவில் என் பேரும் எங்கள் இரண்டு பிள்ளைகள் பேரும் இருந்தன. நுவரெலியாவுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

எங்கள் சாமி மாடத்தில் ஒரு தகர வில்லை இருந்தது. மாமனார் இந்தியாவிலிருந்து கப்பலேறியபோது, துறைமுகத்தில் தோட்டத்து நம்பர் வெட்டி அவர் கழுத்தில் மாட்டிவிட்ட வில்லை. அவர் செத்த பிறகு அதை மஞ்சள் கயிற்றில் கோத்து, சாமி படங்களோடு வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைப்போம்.

"இதையும் எடுத்துக்கங்க. நம்ம எத்தன காலமா இங்க இருக்கோம்னு தெரிஞ்சுக்கட்டும்" என்றேன்.

"நாம இங்கதான் இருக்கோம்னு தோட்டத்துல குடுத்த கடுதாசிதான் இருக்கே?" என்று தயங்கினார். நான் விடவில்லை. இரண்டு பேருமாகப் போனோம்.

அதிகாரி வில்லையை விரலால் புரட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர், "இதுல ஏன் குங்குமம் இருக்கு?" என்று கேட்டார்.

"சாமியோட வச்சுக் கும்புடுறோமுங்க" என்றார் இவர்.

"எந்தச் சாமி?"

"எங்க குலதெய்வமுங்க. கோயிலு திருச்சிப் பக்கம் இருக்கு. இங்க இருந்தே நெனச்சுக் கும்புட்டுக்குவோம்."

அதிகாரி எழுத ஆரம்பித்தார். வேறு கேள்வி கேட்கவில்லை. வில்லையை ஃபைலுக்குள் போட்டு நாடாவைக் கட்டினார். அது எங்களுக்குத் திரும்பி வரவே இல்லை.

சில மாதம் கழித்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். மனுதாரரின் பற்று இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறதாம், இங்கே நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லையாம், மனு நிராகரிக்கப்பட்டதாம். வில்லையை எடுத்துப் போகச் சொன்னவள் நான்தான்.

விஷயம் கேள்விப்பட்ட தொரை, அந்த வில்லையைத் தன்னிடம் கொடுத்திருந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பேனே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். எங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கடிதம் வந்த அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "நான் அந்தக் கோயிலு இருக்குற ஊரப் பாத்ததே இல்ல புள்ள. அத அந்த அதிகாரி கேக்கவே இல்லையே" என்றார்.