வார்த்தை வராத மடிக்கணினிகள்

ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்த பிறகு, என்னிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். அதிக விலை இல்லாமல், வீட்டு உபயோகத்துக்கும் ஆக வேண்டும், படிப்புக்கும் ஆக வேண்டும். எந்த மடிக்கணினி வாங்கலாம்? நான் தமிழாசிரியை. இந்தக் கேள்விக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் பக்கத்து அறையிலேயே இருக்கிறார்கள். ஆனாலும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். நினைவகம் போதுமானதாக இருக்கட்டும். பேட்டரி நெடுநேரம் தாங்கட்டும். சுமக்கப் போவது பிள்ளை என்பதால் எடையைக் கையில் வாங்கிப் பாருங்கள். சொல்லி முடித்ததும் என் கால்கள் காரணமின்றிக் கனக்கின்றன. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, திருச்சி வெயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதே கேள்வியைச் சுமந்துகொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய கால்கள் அவை.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அப்பா துவாக்குடியில் கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்த்தார். இரும்புத் தகட்டை வெட்டுவதும் அரைப்பதும் அடித்து வளைப்பதும்தான் அங்கே நாள் முழுக்க நடப்பவை. மாலையில் சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டோடு இரண்டு பஞ்சு உருண்டைகளையும் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைப்பார். மறுநாள் காலை அவற்றைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டு போவார். வீட்டில் அவர் குரல் எப்போதும் உரத்தே ஒலிக்கும். முன்கட்டிலிருந்த மாமி, எங்கள் வீட்டில் தினமும் சண்டை நடக்கிறது என்றே நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு விதி இருந்தது. அப்பாவை முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எதிரில் போய் நின்று, அவர் முகம் பார்த்த பிறகுதான் பேச வேண்டும். அம்மா ஏற்படுத்திய விதி அது. வேறு எதில் தவறினாலும் மன்னிக்கிற அம்மா, இதில் மட்டும் மன்னிக்க மாட்டாள். பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று அதைப் புரிந்துகொண்டிருந்தேன். என் தோழிகளின் வீடுகளில் அந்த மரியாதை இல்லாததைக் கண்டு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் பட்டிருக்கிறேன்.

அந்த ஆண்டு அக்காவுக்குக் கல்லூரியில் கணினி அறிவியல் இடம் கிடைத்தது. வகுப்பு தொடங்கும்போது ஒவ்வொருவரும் சொந்தமாக மடிக்கணினி கொண்டுவந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். நல்லது என்ற சொல்லுக்குக் கட்டாயம் என்று பொருள் என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். அம்மா சீட்டு எடுத்தாள். வகுப்பு தொடங்க மூன்று வாரங்கள் இருந்தன. அப்பாவுக்கு வாரத்தில் ஒரே விடுமுறை. ஆக, எங்களிடம் இருந்தவை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்.

அக்கா ஒரு தாளில் தன் தேவைகளை எழுதி வைத்திருந்தாள். அவற்றில் இரண்டு அவளுக்கு உயிர். ஒன்று, பேட்டரி. அந்த நாட்களில் மின்சாரம் வருவதைவிடப் போவதுதான் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. பேட்டரி நிற்காவிட்டால் மாலைப் படிப்பு இல்லை. மற்றொன்று, எடை. நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டு போய்வர வேண்டியவள் அவள். அப்பா தாளை வாங்கிப் படித்துவிட்டு ஒன்றைச் சேர்த்தார்.

“சத்தத்த விட்டுட்டியேம்மா. பாடம் கேக்கறதுக்குத்தானே வாங்கறோம்? கேக்கலன்னா என்னத்தப் படிப்ப?”

இதற்காக அக்கா தன் தோழியின் தம்பியுடைய பாடம் ஒன்றைப் பென் டிரைவில் பதிந்து வாங்கி வந்தாள். ஓர் ஆசிரியை மென்மையான குரலில் மழை எப்படிப் பெய்கிறது என்று விளக்குகிற ஏழு நிமிடப் பாடம். முதல் ஞாயிறு முடிவதற்குள் அது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

சிங்காரத்தோப்பின் முதல் கடையில் தொடங்கியது எங்கள் சோதனை. கடைக்காரர் மடிக்கணினியைத் திறந்து அதன் பெருமைகளை அடுக்கினார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு, பென் டிரைவை நீட்டினார். பாடம் ஓடியது. அப்பா குனிந்து, விசைப்பலகையின் மேல் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். பட்டறையில் பற்றவைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பவரின் முகம் அது. பிறகு நிமிர்ந்து தீர்ப்பளித்தார்.

“சத்தம் வருது. வார்த்தை வரல.”

“எனக்குக் கேக்குதேப்பா,” என்றேன்.

“உனக்கென்ன, மூக்கு இடிக்கற மாதிரி நிக்கற. நாலு அடி தள்ளி நின்னாலும் கேக்கணும்ல?”

அன்று நான்கு கடைகள். நான்கிலும் சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. விலையைக் குறைப்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் ஒலிபெருக்கியில் கை வைத்துவிடுகிறார்கள் என்பது அப்பா கண்டுபிடித்த உண்மை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பளபளப்பும் தெரியாத இடத்தில் மட்டமான சரக்கும் வைப்பது இரும்பு வியாபாரத்திலும் உண்டு என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி எங்களுக்கு விளக்கிக்கொண்டே வந்தார்.

இரண்டாம் ஞாயிறு தில்லைநகர். வெயில் தார்ச்சாலையிலிருந்து எழுந்து முகத்தில் அடித்தது. ஒரு கடையில் வைரஸ் வரும் என்று பென் டிரைவைத் தொடவே மறுத்தார்கள். இன்னொன்றில், கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் மூன்று கணினிகளில் அந்தப் பாடத்தை ஓட்டிக் காட்டினார். மூன்றாவதற்கும் அப்பா அதே தீர்ப்பைச் சொன்னபோது அவர் பொறுமையிழந்தார்.

“சார், இது லேப்டாப் சார். நீங்க கேக்கறது கல்யாண மண்டபத்து மைக் செட்.”

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாங்கள் சிரித்து முடிக்கும் தறுவாயில் அவரும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அவமானத்தில் காது சிவந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே அம்மாவிடம் வெடித்தாள். “ஏழு கடைம்மா! நல்லதா ரெண்டு கண்ணு முன்னாடி இருந்துச்சு. ஹெட்போன் மாட்டிக்கறேன்னு சொன்னாலும் காதுல வாங்க மாட்டேங்கறாரு. வேணும்னே தட்டிக் கழிக்கறாரா?”

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: “அப்பா அப்படிப்பட்டவர் இல்ல.”

“பின்ன என்னதான் வேணுமாம் அவருக்கு?”

அம்மா களைந்த தண்ணீரை வடித்துவிட்டு இன்னொரு முறை தண்ணீர் ஊற்றினாள்.

மூன்றாம் ஞாயிறு கன்டோன்மென்ட். மறுநாள் வகுப்பு. இரண்டாவதாக ஏறிய கடையில், அக்கா தேடிக்கொண்டிருந்தது இருந்தது. செங்கல் நிற மூடி, நோட்டுப் புத்தகம்போல மெல்லியது, ஆறு மணி நேரம் தாங்கும் பேட்டரி. விலையும் அம்மாவின் சீட்டுப் பணத்துக்குள் அடங்கியது. கடைசி உருப்படி என்பதால் ஒரு பையும் இலவசம். அக்கா அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, மெதுவாக வைத்தாள். நானும் அந்த மூடியின் மேல் ஆசை வைத்துவிட்டேன். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் விளையாடத் தருவதாக அக்கா எனக்கு வாக்களித்திருந்தாள்.

பாடம் ஓடியது. அப்பா குனிந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். மூன்று வாரக் களைப்பு அவர் பிடரியில் வியர்வையாக வழிந்துகொண்டிருந்தது.

“சார், பேக் எந்தக் கலர்ல வேணும்? கறுப்பா, நீலமா?” என்று கேட்டார் கடைப்பெண். அலமாரிப் பக்கம், அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தார் அவர். அப்பா பதில் சொல்லவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். அப்பா விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைப்பெண் எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அக்கா அப்பாவின் முதுகையே ஒரு கணம் பார்த்தாள். அவள் செய்த காரியம் என்னைத் திடுக்கிட வைத்தது. மெல்ல நடந்து, அப்பாவின் முதுகுக்குப் பின்னால், நான்கடி தள்ளிப் போய் நின்றாள். அங்கிருந்து, எங்கள் வீட்டில் யாரும் செய்யாததைச் செய்தாள்.

“அப்பா.”

சாதாரணக் குரல்தான். அப்பா திரும்பவில்லை.

“அப்பா.”

அப்பாவுக்கு எவ்வளவு கோபம் இருந்தால் திரும்பாமலேயே இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா அங்கேயே நின்றாள். பாடத்தின் ஆசிரியை கடல்நீர் ஆவியாவதைச் சொல்லி முடிக்கும் வரை நின்றாள். பிறகு சுற்றிக்கொண்டு வந்து, மேசைக்கு எதிர்ப்புறம், அப்பாவின் முகத்துக்கு நேராக நின்றாள்.

“நீங்க சொன்னது சரிதாம்பா. இதுல வார்த்தை வரல.”

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அழுத்திய இடம் வலித்தது. “அத எடுங்கக்கா,” என்று கடைப்பெண்ணிடம் மூலையைக் காட்டினாள். யாரும் கேட்காமல் கிடந்த, பெரிய, கறுத்த, அகலமான ஒன்று. விசைப்பலகைக்கு மேலே இரண்டு பக்கமும் சல்லடைபோல ஒலிபெருக்கிகள். “அதுல பேட்டரி ரெண்டு மணி நேரம்கூட நிக்காதும்மா. வெயிட்டும் ஜாஸ்தி. வீட்டுல ஒரே இடத்துல வச்சிப் பாக்கறவங்க எடுப்பாங்க,” என்றார் அவர் நேர்மையாக.

“பரவால்ல. முழுச் சத்தத்துல வைங்க.”

கடையே திரும்பிப் பார்த்தது. மென்மையான அந்த ஆசிரியை இப்போது திருவிழாவில் காணாமல்போன பிள்ளையைப் பற்றி அறிவிப்பவர்போல முழங்கினார். அப்பா மெல்ல நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமாகத் தளர்ந்ததைப் பார்த்தேன்.

“இது பேசுது பாரு!” என்றார். சற்றுக் கேட்டுவிட்டு, ஆச்சரியத்தோடு அக்காவைப் பார்த்தார். “ஏம்மா, இது மழையப் பத்தின பாடமா?”

எட்டுக் கடைகளில் அந்தப் பாடத்தை ஓட்டியிருந்தோம்.

“ஆமாம்பா,” என்றாள் அக்கா. “மழையப் பத்தினதுதான்.”

அந்தக் கணினியை அக்கா மூன்று ஆண்டுகள் சுமந்தாள். வலது தோளில் பட்டை பதிந்த கோடு கல்லூரி முடிந்த பிறகும் கொஞ்சகாலம் இருந்தது. மின்சாரம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியதை முடித்து, மீதியைக் கையால் நோட்டில் எழுதிவைத்து, மின்சாரம் வந்ததும் ஏற்றினாள். ஒரு நாளும் அந்தக் கணினியைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவள் படிக்காத நேரங்களில் அப்பா அதன் எதிரில் அமர்ந்து செய்தி கேட்பார். முன்கட்டு மாமியும் சேர்ந்து கேட்பார், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். இரைச்சலில் வேலை செய்பவர்களின் காது முதலில் இழப்பது சத்தத்தை அல்ல, வார்த்தையை என்று பல ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவர் எங்களிடம் விளக்கினார். அப்பா வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அக்காவும் வியக்கவில்லை.

ஆனால் அந்த ஞாயிறன்று எனக்கு இவை எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தவை இரண்டு: செங்கல் நிற மூடி கைநழுவிப் போய்விட்டது, அக்கா கடைசி நிமிடத்தில் கோழையாகிவிட்டாள். காவிரிப் பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்தது. முன் இருக்கையில் அப்பா பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கிப்போயிருந்தார். அக்கா ஜன்னல் வழியே மணல் திட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் சாய்ந்து, என்னிடமிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

“அப்பாவப் பின்னாலேருந்து கூப்பிட்டல்ல? அம்மாகிட்டச் சொல்லிடுவேன்.”

“சொல்லு.”

“ரெண்டு தடவ கூப்பிட்டன்னு சொல்லுவேன்.”

“சொல்லுடி,” என்றாள், என்னைப் பார்க்காமல். அவள் குரல் சண்டைக்கு வருகிற குரலாக இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

வீட்டுக்கு வந்ததும் நேராக அடுக்களைக்குப் போனேன். அம்மா தோசைக்கல்லைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். குற்றச்சாட்டை முழுமையாகச் சொன்னேன். அம்மாவின் முகம் சிவக்கும் என்று காத்திருந்தேன்.

“எவ்வளவு தூரத்துல நின்னு கூப்பிட்டா?” என்று கேட்டாள் அம்மா.

எதிர்பாராத கேள்வி. அடுப்பிலிருந்து வாசற்படி வரை கையைக் காட்டினேன். “இவ்வளவு.”

“அப்பா திரும்பினாரா?”

“ரெண்டு தடவயும் திரும்பல. அவ்வளவு கோவம் அவருக்கு.”

அம்மா வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கல் காய்ந்து புகைந்தது. தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணித்துவிட்டு, மாவை ஊற்றினாள். அக்கா வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் கல்லிலிருந்து இறங்கும் முதல் தோசை எப்போதும் கடைக்குட்டியான எனக்குத்தான். அன்று அம்மா அதை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போய், அக்காவின் தட்டில் வைத்தாள். வைத்த கையால் அவள் தலையை ஒருமுறை தொட்டுவிட்டு வந்தாள்.

விதியை மீறியது அவள். உண்மையைச் சொன்னது நான். வெறும் தட்டை ஏந்திக்கொண்டு, எனக்கான நியாயம் எப்போது வரும் என்று நின்றுகொண்டே இருந்தேன்.