ஆல்பரியில் காத்திராத ரயில்

மாநில எல்லைக்குச் சற்று முன்னால் வெட்டவெளியில் ரயில் நின்றபோது சித்தப்பா முகத்தைக் கவிழ்த்தபடியே இருந்தார். கண் சத்திரசிகிச்சையில் அவருக்குக் கண்ணுக்குள் வாயுக்குமிழ் வைத்திருந்தார்கள்; சில நாட்களுக்கு முகம் நிமிரக்கூடாது. விமானம் ஏறினால் பார்வை போய்விடும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். மெல்பனில் அவருடைய ஒரே மகளுக்கு இரத்த அழுத்தம் ஏறியதால், பின்னேரமே வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்கவேண்டும் என்றார்கள். தாயில்லாத பெண். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. காலையிலேயே சிட்னி வென்ட்வேர்த்வில்லில் இருந்து ஓடிப்போய், பகல் முழுக்க ஊரும் அந்த ரயிலைப் பிடித்திருந்தோம்.

எஞ்சினில் கோளாறு, எல்லை ஊரான ஆல்பரியோடு இறங்கி பஸ் ஏறவேண்டும் என்றாள் ரயில் ஊழியப் பெண். ஆல்பரியில் மெல்பனுக்குப் போகும் இன்னொரு ரயில் புறப்படத் தயாராக நின்றது. அதைச் சற்று நிறுத்திவைக்கச் சொல்லும்படி கெஞ்சினேன். அது பக்கத்து மாநிலத்தின் ரயில், அவர்களோடு பேசத் தனக்கு வழியில்லை என்றாள்.

ஆஸ்பத்திரியில் நின்ற சித்தப்பாவின் மருமகன், நாங்கள் கேட்டபடி, பக்கத்து மாநில ரயில்காரரின் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் காத்திருந்தார். எங்கள் ரயில் மெல்ல அசைந்தபோது அவர் மற்றக் கைபேசியில் அழைத்தார்.

"மாமா, ஒப்பரேஷன் தியேட்டருக்கு வரச் சொல்லீனம். ரயில்காரர் இன்னும் போன் எடுக்கேல்லை. என்ன செய்ய?"

"போனை வையும் தம்பி. அவளிட்டப் போம்."

நிலையத்துக்குள் நுழைந்தபோது மற்ற ரயிலின் கடைசிப் பெட்டி விலகிப் போவதைக் கண்டேன். சித்தப்பாவால் நிமிர முடியாது.

"போயிட்டுதோ?"

"ஓம், சித்தப்பா."

நாங்கள் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்திருந்தாள். மகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடந்தாள். அப்பா வந்திட்டாரோ என்று கேட்டபடியே தியேட்டருக்குள் போனாளாம். சித்தப்பா குனிந்தபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். மறுநாள் அவள் கண் விழித்து, "கீழ என்னப்பா தேடுறியள்?" என்றாள். அப்போதுதான் அவர் அழுதார்.

இந்த வருடம் சிட்னியில் ரயில் சேவை பற்றிய பொதுக்கூட்டம் ஒன்றுக்கு அவரோடு போனேன். விமானத்தோடு போட்டிபோடும் வேகம் பற்றி அதிகாரிகள் நெடுநேரம் பேசினார்கள். சித்தப்பா எழுந்து, ஆல்பரியில் ஒரு ரயில் மற்ற ரயிலுக்காகக் காத்து நிற்குமா என்று மட்டும் கேட்டார். அது இரண்டு மாநில அரசாங்கங்கள் பேசித் தீர்க்கவேண்டிய விடயம் என்றார்கள்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "உயிரைக் கையில பிடிச்சு எத்தனை எல்லை தாண்டி இந்த நாட்டுக்கு வந்தனான். இஞ்ச உள்ளுக்கும் ஒரு எல்லை இருக்கெண்டு ஆர் கண்டது?"