ஜெயசீலி அக்கா நிறுத்திய லாரிகள்

காட்பாடியில் சென்னை வண்டிக்காக நின்றிருந்தபோது வசந்தா போன் செய்தாள். "ஜெயசீலி அக்கா போய்ட்டாங்க டி" என்றாள். "எங்க?" என்று கேட்டுவிட்டேன். எந்நேரமும் யாரையாவது பார்க்கக் கிளம்பிக்கொண்டே இருந்தவரைப் பற்றி அப்படித்தான் கேட்கத் தோன்றியது. வசந்தா அழுதபோதுதான் புரிந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சென்னை வண்டியை விட்டுவிட்டு ஆம்பூர் பஸ் பிடித்தேன்.

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஷூ கம்பெனியில் நாங்கள் மூவரும் ஒரே தையல் லைனில் இருந்தோம். நான் இப்போது காட்பாடியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அக்கா கடைசிவரை அதே லைனில்தான் இருந்தார். அந்த லைனில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் அவருடைய குரல் தெரியும். மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும் குரல். அவருடைய கைவேலையும் தெரிந்திருக்கும். கிறிஸ்துமஸ் வந்தால் மாதா கோயில் குடிலில் நிற்கும் ஒட்டகங்கள் அவர் செய்தவை. பழைய காகிதத்தை மைதாப் பசையில் தோய்த்து, மூங்கில் கூட்டின்மேல் ஒட்டி ஒட்டி ஆள் உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்.

ஆனால் நான் எழுத வந்தது ஒட்டகங்களைப் பற்றி அல்ல.

கம்பெனி சாலைக்கு ஒரு பக்கம், பஸ் ஸ்டாப் மறுபக்கம். ஷிஃப்ட் விட்டால் நாங்கள் கூட்டமாக நின்று, லாரிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடுவோம். ஒரு மழை நாளில் வசந்தாவின் கை மட்டும் நழுவிவிட்டது. லாரி நிற்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் அவள் உயிரைக் காப்பாற்றினார்கள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது.

சிக்னல் கேட்டும் நடைமேம்பாலம் கேட்டும் மனு கொடுத்தோம். இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தைக் கைகாட்டியது, அந்த அலுவலகம் இன்னொன்றை. அப்போதுதான் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அக்கா சொன்னார்: "ஒரு பொம்பளய செய்யப் போறேன். ரெண்டு ஆள் ஒசரம். ரோட்டோரமா நிக்க வெச்சிடலாம்."

"மனு குடுத்தே நடக்கல. பொம்ம இன்னா பண்ணும் அக்கா?" என்றேன்.

"மனுன்னா படிக்கணும். இத படிக்கவே வேணாம், பாத்தா போதும்."

கோயிலின் சைக்கிள் ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. மூங்கிலைக் கட்டி, கோழிவலையைச் சுற்றி, கம்பெனி ஸ்டோரில் கேட்டு வாங்கிய கிழிந்த ஷூ பெட்டிகளைப் பிரித்து அட்டையாக வைத்து, அதன்மேல் காகிதம் ஒட்டினோம். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார். ஒரு அடுக்கு காய்ந்த பிறகுதான் அடுத்த அடுக்கு. அவசரப்பட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும் என்று யாரையும் முந்த விடமாட்டார். ஊன்றுகோலுடன் வசந்தாவும் வந்து உட்கார்ந்து காகிதம் கிழித்துக் கொடுத்தாள். முகம் வனையும்போது, "என் மூஞ்சி மட்டும் வெச்சிடாத அக்கா. நான் செத்துட்டேன்னு மால போட்டுடுவாங்க" என்றாள். அந்த விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எங்களைப் போலவே நீல ஓவர்கோட், தோளில் சாப்பாட்டுப் பை, 'நில்' என்று நீட்டிய கை. வார்னிஷ் அடித்துக் காயவைத்து, தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோய் சாலையின் விளிம்பில் நிறுத்தினோம். யாரோ பெண் குறுக்கே வருகிறாள் என்று நினைத்து லாரிகள் பிரேக் போட்டன. நாங்கள் கைதட்டினோம்.

இரண்டாம் நாளே சாலைப் பராமரிப்பு ஆட்கள் வந்து பொம்மையைப் பிடுங்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். அவர்களோடு வந்த என்ஜினியர் ஒருவர், "டிரைவர் பயந்து வண்டிய திருப்பினா இன்னாம்மா ஆகும்? இன்னொரு ஆக்சிடென்ட்தானே?" என்றார். எங்களுக்கு ஆத்திரம் வந்தது. அக்கா மட்டும் யோசித்தார். "அவர் சொல்றது நியாயம்தான். தப்பான எடத்துல நிக்க வெச்சிட்டோம்" என்றார்.

பொம்மையைக் கொட்டிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம். பாலாற்றுப் பக்கம் ஒரு பள்ளத்தில், மழையில் ஊறி, வயிறு கிழிந்து மூங்கில் தெரியக் கிடந்தது. ஒன்றரை மாத வேலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கை நல்லா இருக்குது. கைய கழட்டிக்கலாம். மத்தத புதுசா செஞ்சிடலாம், வா" என்றார். அந்த நீண்ட கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் கரையேறி வந்த காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இரண்டாவது பொம்மைக்கு இடம் கொடுத்தவர் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த பாய். "ரோட்ல வெச்சாதான் பேஜாரு. இது என் பட்டா எடம். இங்க வையும்மா, எவன் வந்து கேக்கறான்னு நான் பாக்கறேன்" என்றார். இந்த முறை கோட்டுக்கு மஞ்சள் பெயின்ட். தூரத்திலிருந்தே தெரியும்படி ஒளிரும் ஸ்டிக்கர்கள். சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு மேடைமேல் நிறுத்தினோம். மழை உள்ளே இறங்காதபடி தலைக்குமேல் தகரக் கூரையும் பாயே போட்டுக் கொடுத்தார். பழைய கை புது உடம்பில் சரியாகப் பொருந்தவில்லை. கொஞ்சம் நீளமாகவே தெரிந்தது. "நீளமா இருந்தா இன்னா, ஜாஸ்தி தூரம் தெரியும்" என்று அக்கா அதை அப்படியே விட்டுவிட்டார்.

திடுக்கிட்டு நிற்பதற்குப் பதிலாக, லாரிகள் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தன. யாரோ எடுத்த படம் போன் போனாகச் சுற்றியது. பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கி வந்து, எதற்காக இது என்று கேட்டார்கள். கேட்டவர்களிடமெல்லாம் வசந்தா எழுந்து நின்று தன் கதையைச் சொன்னாள். அடுத்த மழைக்காலத்துக்குள் தடுப்புகள் வந்தன. பிறகு மஞ்சள் விளக்கு. கடைசியில் சிவப்பு விளக்கும் வெள்ளைக் கோடுகளும். முன்பு வந்த அதே என்ஜினியர்தான் நின்று கோடு போடவைத்தார். அக்கா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "நடமேம்பாலம் எப்ப சார்?" என்று கேட்டார். "இப்பதானேம்மா சிக்னல் போட்டோம்!" என்றார் அவர். "அதான் கேக்கறேன்" என்றார் அக்கா.

மேம்பாலம் இன்னும் வரவில்லை.

அடக்கத்தன்று கல்லறைக்குப் போக அந்தச் சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. ஷிஃப்ட் முடிந்து லைன் பெண்கள் ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தார்கள். பெட்டியை நாங்களே தூக்குகிறோம் என்றோம். அக்காவின் தம்பி விலகி வழிவிட்டார். சிவப்பு விளக்கு விழுந்தது. இரண்டு பக்கமும் லாரிகள் வரிசையாக நின்றன. பாதி வழியில் பச்சை விழுந்துவிட்டது. செயற்கைக் காலோடு எங்களுக்கு முன்னால் போன வசந்தா திரும்பிப் பார்த்தாள், வேகத்தைக் கூட்டவில்லை. ஒரு டிரைவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. எந்தச் சாலையை நாங்கள் அத்தனை வருஷம் ஓடியே கடந்தோமோ, அதை ஜெயசீலி அக்கா நிதானமாகக் கடந்து போனார்.

எங்களோடு வேலை செய்தவர்களே, அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எது என்று கேட்டால், அவர் கேட்டு முடிக்காத அந்த மேம்பாலக் கேள்வியைத்தான் சொல்வேன். நேற்று அந்த என்ஜினியரின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் மாறிப் போய்விட்டார். புதியவர் தலை நிமிர்த்தி, "யாரும்மா நீங்க? இன்னா வேணும்?" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.