விளக்கை அணை, மெல்வின்!

ஆர்லிஸ் ஹாகலாவுக்குப் பொய் சொல்ல வராது. இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பின்சீட்டில் எந்தப் பிள்ளை புளுகினாலும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே பிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் பில்ஸ்ட்ரோம் ஏரிக்காரர்கள் 'புளுகுணி' என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்த புண்ணியவான் மெல்வின். தூண்டில் கடைக்காரன். உறைந்த ஏரியின்மேல் அவளுடைய மீன்பிடிக் குடிசைக்கு அடுத்த குடிசை அவனுடையது. வாய் இருக்கிறதே, அது காது வரைக்கும்!

எல்லாம் கிழிசலால் வந்த வினை. மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் ஆர்லிஸ் ஒரு கேமரா வாங்கி, பனிக்கட்டியில் போட்ட துளைக்குள் இறக்கினாள். அந்த ஏரித் தண்ணீர் கடுங்காப்பி நிறம். அதனால் கூடவே ஒரு பச்சை விளக்கும் இறங்கியது. முதல் நாளே கேமராத் திரையில் வந்து நின்றது 'வால்ஐ' என்கிற சாதி ஏரிமீன் ஒன்று. கை நீளம், பாதி கிழிந்த வால், இருட்டில் பூனைக்கு எரிவதுபோல் எரியும் இரண்டு கண்கள். கேமராவை முறைத்துவிட்டுப் போய்விட்டது. அதற்குக் 'கிழிசல்' என்று பெயர் வைத்து, அவள் காபிக்கடைக்கு ஓடிப்போய்ச் சொன்னாள்.

"கை நீளமா? யாரு கை, குரங்கு கையா?" என்றான் மெல்வின். கடையே சிரித்தது.

திரையை ஃபோனில் படமெடுத்துக் காட்டினாள். பச்சைக் குழம்பில் ஒரு கறுப்புத் திட்டு. "இது உன் கட்டைவிரல்" என்றான். பிடித்துக்கொண்டு வந்து மூஞ்சியில் எறியலாமென்றால், அந்த நீளத்து மீனை உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது ஏரிச் சட்டம். ஆர்லிஸ் சட்டத்தை மீறுகிற ஆளா? மூன்று வருடம் உள்ளுக்குள் வெந்தாள்.

இந்த வருடத்து மீன்பிடிப்பின் கடைசி நாள், பொழுது சாயும் நேரம், மெல்வினின் கதவைப் போய்த் தட்டினாள்.

"வா. நீயே வந்து பாரு. கிழிசல் வரலேன்னா, நாளைக்குக் காபிக்கடையில எல்லார் முன்னாடியும் 'நான் புளுகுணி'ன்னு நானே சொல்றேன்."

இந்த விருந்தை மெல்வின் விடுவானா? காபிக் குடுவையோடு வந்து உட்கார்ந்தான். குடிசைக்குள் இரண்டு துளை. ஒன்றில் கேமராவும் விளக்கும். மற்றதில் மணி கட்டிய தூண்டில். வெளிச்சத்துக்குப் பொடிமீன்கள் கூட்டங்கூட்டமாக வந்தன. ஒரு மணி நேரம் ஆயிற்று.

"நாளைக்குப் பேசப் போறதை இப்பவே சொல்லிப் பாத்துக்க, ஆர்லிஸ்" என்று அவன் இளிக்கும்போதே பொடிமீன்கள் சடாரென்று சிதறின. வெளிச்சத்தின் ஓரத்தில் இரண்டு கண்கள்!

"ஊஃப்டா!" மெல்வின் காபியைக் காலில் ஊற்றிக்கொண்டான்.

கண்கள் வந்தன, திரும்பின, மறுபடி வந்தன. முகம் மட்டும்தான் தெரிந்தது.

"வால் எங்க? இது வேற ஏதோ மீனு" என்றான் அந்தப் பாவி. "வெளிச்சத்தைக் கூட்டு, முழுசாப் பாப்போம்."

கூட்டத்தான் ஆர்லிஸும் கையை நீட்டினாள். மூன்று வருடமாக அதையேதான் செய்திருக்கிறாள். கூட்டக் கூட்ட அது விலகிப் போயிருக்கிறது. அடச்சீ! அது இருட்டுக்கல்லவா காத்துக்கொண்டு நிற்கிறது! நீட்டிய கையைத் திருப்பித் தூண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"விளக்கை அணை, மெல்வின்!"

"அணைச்சா எப்படிப் பாக்கிறது?"

"பாத்துப் பாத்துத்தான் மூணு வருஷம் போச்சு. அணைடா!"

அணைத்தான். திரை கறுத்தது. அடுப்பின் சிவப்பு வெளிச்சத்தில் இருவரும் மணியையே பார்த்தார்கள்.

கிணிங்!

"விடாத! விடாத! நூலை இளக்கு!" என்று கத்தினவன் மெல்வின். சந்தோஷத்தில் அவளை மிஞ்சிவிட்டான். பனிக்கட்டி விளிம்பில் நூல் உரசியது, ஆர்லிஸின் விரலைக் கீறியது, கவலையே இல்லை. துளை நிறையத் தலை வந்தது. தூக்கி அவன் கையில் போட்டாள்.

"வாலைத் தொட்டுப் பாரு."

தொட்டான். பாதி வால் இல்லை. "ஐயோ ஆர்லிஸ்... கிழிசல்!" என்றவன், ஒரு கையால் மீனை அணைத்துக்கொண்டு மறுகையை மூன்று சட்டைக்கு அடியில் இருந்த ஃபோனுக்கு விட்டான். கிழிசலுக்கு அது போதும். ஒரே துள்ளு. துளைக்குள் போயே போய்விட்டது.

மறுநாள் காபிக்கடையில் மெல்வின் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தான்.

"என் கையாலேயே தொட்டேன்யா! கை நீளம்!"

"யாரு கை, குரங்கு கையா?" என்றது கடை. சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாயிற்று.

"ஆர்லிஸ், நீயாவது சொல்லேன்! நீயும் பாத்தேல்ல?"

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். மூன்று வருடம் ஏங்கிய நேரம். ஆர்லிஸ் பூரிப்போடு காபியை ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டாள். பொய் சொல்ல அவளுக்கு வராதே.

"விளக்கைத்தான் நீ அணைச்சிட்டியே, மெல்வின்" என்றாள்.