மதிலுக்குள்ளே ஓர்ப்படி

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்ட வருடம், ஆற்றோரத்தில் நாங்கள் வைத்திருந்த கீரைப் பாத்திகளையெல்லாம் அழித்துவிட்டார்கள். வேலிக்கு வெளியே தின்னக்கூடிய எதுவும் முளைக்கக் கூடாது, முளைத்தால் காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்றார்கள். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் மதியச் சோறுகூட எடுத்துப்போக முடியாது. கேட்டில் நிற்கும் போலீஸ்காரி மடியைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவாள். எல்லார் வீட்டிலும் கருவாடும் பருப்பும்தான். பச்சைக் காய் ஒன்றைக் கண்ணால் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது.

அப்போதுதான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குத் தன் பங்களாவின் பின்னால் கிடந்த பழைய தோட்டம் ஞாபகம் வந்தது. முன்பு இருந்த துரை ஒருவர், தன் ஊர் வழக்கப்படி, சமையலுக்குக் காய்கறி போட ஆள் உயரத்துக்குச் செங்கல் மதில் எழுப்பி அதைக் கட்டியிருந்தார். ஜப்பான்காரன் வந்தபோது அவர் ஓடிப்போனார். அதன் பிறகு அந்தக் கதவை யாரும் ஒழுங்காகத் திறந்ததில்லை. பங்களா வேலிக்குள் இருந்ததால் அங்கே லயத்துக்கும் சேர்த்துக் காய் பயிர் செய்ய அனுமதி கிடைத்தது. காலில் புண் வந்து நான் பால்வெட்டை விட்டுப் புல்வெட்டுக்கு மாறியிருந்த சமயம். தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அந்த மதிலுக்குள்ள சுத்தம் பண்ணணும். ஒத்த ஆளா முடியுமா?"

"முடியும் அய்யா" என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லிவிட்டேன்.

உள்ளே லாலான் புல் என் தலைக்கு மேல் நின்றது. பாராங் கத்தியால் வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு எடுக்க வேண்டும். லாலான் வேர் ஊசி மாதிரி. மண்வெட்டி போகாத இடத்தில் கையை விட்டு இழுத்தேன், விரல் நுனியெல்லாம் கிழிந்தது. ஜப்பான் காலத்தில் யாரோ சுவரேறிக் குதித்து மரவள்ளி நட்டிருக்கிறார்கள். அது மரமாகி, கிழங்கு விறகுக் கட்டையாகிக் கிடந்தது. வெட்டிய புல்லைக் குவித்து ஒருநாள் நெருப்பு வைத்தேன். புகையைப் பார்த்துவிட்டு, தோட்டக் காவலுக்குப் போட்டிருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள், அந்த எஸ்.சி.க்கள், துப்பாக்கியோடு ஓடிவந்தார்கள். நான் கண் எரிச்சலோடு நடுவில் நிற்பதைப் பார்த்து, அவர்களில் வயதான ஒருவர், "தங்கச்சி, எங்களுக்குச் சொல்லிட்டுக் கொளுத்தக் கூடாதாலா?" என்று திட்டிவிட்டுப் போனார்.

முள்கம்பி வேலியை ஒட்டிய வடக்கு மூலையில் மதில் இடிந்திருந்தது. வெளியே இருந்த மரத்தின் வேர் அதைத் தள்ளியிருந்தது. சிதறிக் கிடந்த செங்கல்லைப் பொறுக்கி, மண்ணோடு சாம்பலைக் குழைத்து, நானே அடுக்கிக் கட்டினேன். கொத்து வேலை எனக்குத் தெரியாது. கோணலாகத்தான் வந்தது. ஆனாலும் கட்டி முடித்த அன்று தள்ளி நின்று அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டுக்கொட்டகையிலிருந்து சாணம் சுமந்து வந்து கொட்டி, பாத்தி கட்டி, உள்ளே இருந்த தண்ணீர்த் தொட்டியின் சேற்றை வாரி எறிந்தேன். மழைக்காலம் வரும்போது மண் கறுத்துப் பொலபொலவென்று இருந்தது.

துரைசானி வந்து பார்த்தார். அவருக்கு ரொம்ப சந்தோஷம். "விதை போட இன்னொரு ஆள் வச்சுக்கோ" என்று கிராணி மூலம் சொன்னார். எனக்கு இன்னொரு ஆள் வேண்டாம். ஆனால் என்னை யார் கேட்டார்கள்? அந்த மாதம்தான் என் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி, புலாவ் செபாங்கிலிருந்து ஓர்ப்படி வந்திருந்தாள். அவள் அப்பா ரயில் பாதை வேலைக்காரர். அவளைத்தான் அனுப்பினார்கள்.

வந்தவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாத்தியில் கால் பதித்து, "அக்கா, மெத்தை மாதிரி இருக்கே!" என்று சிரித்தாள். மெத்தையாக்கியது யார் என்று அவள் கேட்கவில்லை. விதை போட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. விரலால் குழி குத்தி, போட்டு, மூடினாள்.

பயற்றங்கொடி கம்பைச் சுற்றி ஏறியது. கத்தரி பூத்தது. பூசணி பாத்தியைத் தாண்டி ஓடியது. நானும் ஒரு பாத்தியில் வெண்டை போட்டேன். அது முளைத்து, இலையெல்லாம் பூச்சி அரித்துச் சல்லடையாகி நின்றது. சாயங்காலம் லயத்தில் காய் பங்கு போடும்போது எல்லார் வாயிலும் ஒரே பேச்சு.

"புதுசா வந்த புள்ளைக்கு என்ன கைராசி பாத்தியா!"

என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். அவருக்குப் புகைக்கூண்டுக் கொட்டகையில் ரப்பர் ஷீட் உலர்த்தும் வேலை. தம்பி வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"அவ கையில என்னமோ இருக்குலா."

"மண்ணுல என்னமோ இருக்குன்னு தோணலையா உங்களுக்கு? அதைக் கிண்டுனது யாரு?"

"நீதான். யாரு இல்லன்னா?"

இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது. பிடுங்கி எறிந்த லாலானை யார் பார்க்கப் போகிறார்கள்? காய் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அவள் பூவாளியைத் தூக்கிக்கொண்டு பாட்டு முணுமுணுத்தபடி நடப்பதைப் பார்த்தாலே என் நெஞ்சு கரித்தது. அவள் கொடிகளில் ஒன்றாவது வாடட்டும் என்று காலையில் முதலில் அங்கேதான் பார்ப்பேன். ஒன்றும் வாடவில்லை.

பிறகு பூசணிக்காய்கள் காணாமல் போக ஆரம்பித்தன.

சாதாரண காலமாக இருந்தால் யாரோ திருடிவிட்டான் என்று திட்டிவிட்டு விட்டிருப்பார்கள். அப்போது ஒரு பூசணி காணாமல் போனால் அது காட்டுக்குப் போனதாகத்தான் அர்த்தம். ஓர்ப்படியின் அண்ணன் ஒருவன் வீட்டைவிட்டு ஓடிப்போனவன், எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. காட்டில் சேர்ந்துவிட்டான் என்று ஒரு பேச்சு இருந்தது. அது போலீஸ் காதுக்கும் போயிருந்தது. ஒரு காலை மலாய்க்கார இன்ஸ்பெக்டர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். எங்கள் இருவரையும் மதிலோரம் நிறுத்தினார்கள். அவர் கேட்டதைக் கிராணி தமிழில் சொன்னார்.

"இவ மதிலுக்கு மேல பூசணிக்கா தூக்கிப் போட்டத நீ பாத்தியா? கூடவே இருக்கிறவ நீதான். பாத்து பதில் சொல்லு."

அன்று விடியற்காலையில்தான் நான் ஒன்றைப் பார்த்திருந்தேன். நான் கட்டிய வடக்கு மூலையில், செங்கல்லுக்கு அடியில், மண்ணைத் தோண்டி ஒரு வளை. வளையின் வாயில் இரண்டு மூன்று முட்கள் கிடந்தன. மதிலுக்கு வெளியே கொறித்துப் போட்ட பூசணித் தோல்.

"தெரியாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்கூட இல்லை, அவள் தூக்கிப் போட்டாளா என்பது எனக்குத் தெரியாதுதானே? அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். தோட்டம் முழுக்க எனக்கு. இனிமேல் காய்ப்பதெல்லாம் என் பெயரில் காய்க்கும். அந்த நினைப்பு எவ்வளவு இனித்தது என்பதை இன்றைக்கும் நாக்கில் வைத்துச் சொல்ல முடியும்.

ஓர்ப்படி அழவில்லை. பூவாளியைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அது சாய்ந்து, தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. "அக்கா" என்றாள்.

"தூக்கிப் போடறதுக்கு இவளுக்கு எங்க அய்யா தெம்பு இருக்கு?" என்றேன் எரிச்சலோடு. "முள்ளம்பன்றி தின்னுட்டுப் போகுது. நான் கட்டுன மதிலு சரியில்ல. வந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் மூலையில் குனிந்து பார்த்தார். ஒரு முள்ளை எடுத்து விரலில் உருட்டினார். "லண்டாக்" என்று அவர் தன் பாஷையில் முள்ளம்பன்றியைச் சொல்லிச் சிரித்தபோதுதான் கிராணிக்கும் மூச்சு வந்தது. மதிலைச் சுற்றிப் போய்த் தோலையும் பார்த்துவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் லயமே ஓர்ப்படி வீட்டில் கூடியது. ஆளுக்கொரு பக்கம் அவள் தலையைத் தடவினார்கள். யாரோ சேவல் அடித்துக் குழம்பு வைத்தார்கள். எனக்கு ஒரு பெயர் கிடைத்தது: முள்ளம்பன்றிக்கு வாசல் வச்சுக் குடுத்தவ. என் வீட்டுக்காரர் மட்டும், "நீ வாயத் தொறக்கலன்னா அவ கதி என்ன ஆயிருக்கும்?" என்றார். சொல்லிவிட்டு அவரும் சேவல் குழம்புக்குக் கிளம்பினார். காப்பாற்றியவளோ தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து பழைய சோறு தின்றாள். கூப்பிடத்தான் கூப்பிட்டார்கள், நான்தான் போகவில்லை.

அதன் பிறகு ஓர்ப்படி தோட்டத்துப் பக்கமே வரவில்லை. கதவைப் பார்த்தாலே உடம்பு உதறுகிறது என்றாள். கொஞ்ச நாளில் அவள் அப்பா மூலமாகக் கொழுந்தனுக்கு ரயிலில் வேலை கிடைத்து, இருவரும் புலாவ் செபாங்குக்கே போய்விட்டார்கள். நான் மதிலின் அடியைத் தோண்டி, ஆழமாகக் கல் போட்டு மறுபடி கட்டினேன். வெண்டை போட்டேன், இந்த முறை நன்றாகவே காய்த்தது. முதல் பறிப்பைக் கூடையில் கொண்டுபோனேன். பக்கத்து வீட்டு அத்தை ஒரு காயை ஒடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. அந்தப் புள்ள இருந்தா இன்னும் பிஞ்சா பறிச்சிருக்கும்" என்றாள். கூடையோடு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஊரில் இல்லாதவளோடு எப்படிப் போட்டி போடுவது?

ஓர்ப்படிக்குக் குழந்தை பிறந்தபோது வேலிக்கு வெளியே போக போலீஸிடம் பாஸ் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அவளும் ஒரு துண்டு நிலம் வைத்திருந்தாள். சரளைக் கல்லும் கரிச்சாம்பலும் கலந்த நிலம். இரண்டு கத்தரிச் செடி மஞ்சளடித்து, முழங்கால் உயரத்தில் நின்றுபோயிருந்தன.

"இங்க ஒண்ணும் வரமாட்டேங்குதுக்கா. என்ன பண்றதுன்னே தெரியல" என்றாள், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே.

எனக்கு மனசு குளிர்ந்தது. கொஞ்ச நேரம் அந்தச் செடிகளை ஆசையாகப் பார்த்தேன். பிறகு கொழுந்தனின் மண்வெட்டியை எடுத்து, சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

"என்னக்கா இது? பிள்ளையப் பாக்க வந்துட்டு…"

"பிள்ளை எங்கயும் ஓடாது. நீ போய்ச் சல்லடை எடுத்துட்டு வா."

மத்தியானம் முழுக்கச் சரளையைச் சலித்துக் கொட்டினேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டு, நான் எப்படி வெட்டுகிறேன், எந்தக் கல்லை எறிகிறேன், எதை விடுகிறேன் என்று கண்ணெடுக்காமல் பார்த்தாள். இதற்கு முன் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ஊரடங்குக்கு முன்னால் வீடு சேர வேண்டும் என்று அவசர அவசரமாகக் கை கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

"எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"பிள்ளை நல்லாருக்கு. தோட்டம்தான் படுமோசம்" என்றேன்.

"அதுக்கு ஏன் இப்படிச் சிரிக்கிறே?" என்றார் அவர்.